வாள்காரனும் மந்திரக்காரனும்: எங்கள் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடியில் ஐந்தாறு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டை ஆடுகிறோம். மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் தரை சுடும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பாய் விரிப்போம். கதையை நடத்துவது நான். புதிதாக வருகிறவர்களும், வேறு இடத்தில் சொந்தமாக மேசை, அதாவது ஆட்டக் குழு, போட்டவர்களும் கேட்கிற சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன: வாளை வைத்திருப்பவனுக்கும் மந்திரம் வைத்திருப்பவனுக்கும் நடுவில் தராசு எப்போதும் ஒரு பக்கம் சாய்கிறதே, ஏன்?

கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள்தான்.

அண்ணா, எனக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது. வீரன் யாரு, மந்திரவாதி யாரு, "பேலன்ஸ்"னு எதைச் சொல்றீங்க?

ஒருவர் கதை நடத்துவார், அவரை டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். பாத்திரம் கஷ்டமான காரியம் எதையாவது செய்யப் பார்த்தால் இருபது பக்கப் பகடையை உருட்டி, நடந்ததா இல்லையா என்று பார்ப்போம். ஃபைட்டர், பார்பேரியன் மாதிரி ஆயுதத்தை நம்புகிறவர்களை இந்தப் பக்கத்தில் வீரன் என்கிறேன். விசார்ட், கிளெரிக், ட்ரூயிட் மாதிரி ஸ்பெல்லை நம்புகிறவர்கள் மந்திரக்காரர்கள்.

வீரன் நாள் முழுக்க வாள் வீசலாம். மந்திரக்காரருக்குச் சின்னச் சின்ன ஸ்பெல்களுக்குக் கணக்கில்லை. பெரியவற்றுக்கு மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை என்று உண்டு, அதற்கு ஸ்லாட் என்று பெயர். தீர்ந்துபோனால் தூங்கி எழுந்தால்தான் முழுதாகத் திரும்ப வரும்.

பேலன்ஸ் என்றால் இரண்டு பேரும் ஒரே அளவு அடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நான்கு மணி நேரம் ஆடிவிட்டுப் பாயைச் சுருட்டும்போது, "இன்று நான் வராமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்" என்று இரண்டு பேருக்குமே தோன்ற வேண்டும். தோன்றினால் பேலன்ஸ் இருக்கிறது.

புத்தகம் எல்லாம் வாங்கணுமா? விலையைப் பார்த்தாலே பயமா இருக்கு.

வேண்டாம். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டுவிட்டார்கள். நாங்கள் அதை ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து வைத்திருக்கிறோம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். அந்த இலவசத் தொகுப்பில் ஒவ்வொரு வகுப்புக்கும் (ஃபைட்டர், விசார்ட் மாதிரியான பாத்திர வகைக்கு) ஒரே ஒரு உட்பிரிவுதான் இருக்கும். ஃபைட்டருக்கு இருப்பது சாம்பியன், இருப்பதிலேயே எளிமையானது. ஆனால் ஸ்பெல் பட்டியல் பக்கம் பக்கமாகப் போகும். அதனால் இலவச விதிகளில் ஆடுகிற மேசைகளில் இந்தப் புலம்பல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். பாதித் தவறு விளையாட்டுடையது, மீதி ஜெராக்ஸுடையது.

முதல் லெவல்ல மந்திரவாதி ஒரே அடியில படுத்துடுறான். இவனைப் போய் பலசாலின்னு சொல்றீங்களே?

முதல் லெவலில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. உடம்பு கொஞ்சம் திடமான விசார்டுக்கு 8 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), அதே உடம்புள்ள ஃபைட்டருக்கு 12. ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) கத்தியால் சாதாரணமாக ஒரு வெட்டு வெட்டினால் அதிகபட்சம் சரியாக 8 போகும். கையில் இருப்பதோ இரண்டே ஸ்லாட்.

பழைய ஆட்டத்தில் இதைவிட மோசம். 1974-இல் முதல் பெட்டி வந்தபோது மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரக்காரன், மதகுரு. மந்திரக்காரனுக்கு முதல் லெவலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்பெல். அதைப் போட்டுவிட்டால் கையில் ஒரு குத்துவாளோடு சுவரோரம் நிற்க வேண்டியதுதான். ஆரம்ப லெவல்களில் ஏற வேண்டிய புள்ளிகளும் அவனுக்கு அதிகம். இரண்டாம் பதிப்பில் ஃபைட்டருக்கு 2,000 புள்ளியில் இரண்டாம் லெவல், விசார்டுக்கு 2,500.

அன்றைக்கு அதுதான் அவர்களுடைய பேலன்ஸ்: இப்போது அடி வாங்கு, தப்பிப் பிழைத்தால் பின்னால் ராஜா. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் முதல் ஆறு மாதம் ஒருவர் சும்மா உட்காருவார், அடுத்த ஆறு மாதம் இன்னொருவர் சும்மா உட்காருவார்.

புதுசா வர்றவங்களுக்கு வீரன்தான் சுலபமாமே?

சுலபம்தான். ஆனால் எல்லாப் புதியவர்களிடமும் அதையே திணிக்காதீர்கள். எங்கள் மேசைக்கு வந்த ஒரு நர்ஸ் அக்கா முதல் நாளே ட்ரூயிட் எடுத்து, ஸ்பெல் பட்டியலை மருந்துச் சீட்டு மாதிரி அட்டவணை போட்டுக்கொண்டு வந்து எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஆடினார்.

ஃபயர்பால் ஒண்ணு போட்டா எல்லாம் காலி. அப்புறம் என் வாள் எதுக்கு?

சரி, கணக்குப் போடுவோம். ஐந்தாம் லெவலில் விசார்டுக்கு ஃபயர்பால் கிடைக்கும். ஆறு பக்கப் பகடை எட்டு, சராசரி 28. எதிரி சுதாரித்துக்கொண்டால் பாதி. சாதாரண எதிரி ஒருவனுக்கு இதில் கிடைப்பது சுமார் 22. இடையில் ஓய்வெடுக்காமல் அப்படி இரண்டுதான் போடலாம். ஃபயர்பால் மூன்றாம் நிலை ஸ்பெல், அந்த லெவலில் அதற்கான ஸ்லாட் இரண்டுதான்.

அதே ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு ஒரு ரவுண்டில் இரண்டு வெட்டு. பெரிய வாள், நல்ல பலம், நூற்றுக்கு 65 தடவை படுகிறது என்று வைத்துக்கொண்டால் ரவுண்டுக்கு சுமார் 14. ஆக்‌ஷன் சர்ஜ் என்று, கூடுதலாக ஒரு முறை செயல்பட விடுகிற சக்தியைப் போட்டால் அந்த ஒரு ரவுண்டில் மட்டும் 28. ஒரே எதிரி என்றால் ஃபயர்பாலை அங்கேயே தாண்டியாயிற்று. ஒரு நாளில் நான்கு சண்டை, சண்டைக்கு நான்கு ரவுண்டு என்றால் உங்கள் வாள் 220-க்கு மேல் அடித்திருக்கும்.

ஃபயர்பால் ஜொலிப்பது கூட்டத்தில். எட்டு கோப்ளின் நெருக்கியடித்து நின்றால் எட்டும் காலி. அது விசார்டின் தருணம், விட்டுக்கொடுங்கள். அன்று ராத்திரி கடைசி அறையில் ஒற்றை ஓகர் நிற்கும்போது உங்கள் தருணம் வரும். வரவில்லை என்றால் டி.எம். எப்போதும் கூட்டமாகவே எதிரியை நிறுத்துகிறார் என்று அர்த்தம். போய் அவரைக் கேளுங்கள்.

அடியில சமம்தான்னா, அப்ப எதுக்கு எல்லாரும் இவ்வளவு புலம்புறாங்க?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். என் முதல் கதையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊர்க் கோட்டையை அப்படியே வைத்து ஒரு வரைபடம் போட்டேன். கருங்கல் மதில், சுற்றி அகலமான அகழி. அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள், அதையும் சேர்த்துக்கொண்டேன். ஒரே வாசல், பாலம், காவலாளி மாறுகிற நேரம், சமையற்கட்டுக்கு விறகு வருகிற வண்டி, லஞ்சம் வாங்குகிற ஒரு ஹவில்தார் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் ஃபைட்டர் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற நண்பர். அவர் விறகு வண்டியில் ஒளிந்து போகலாமா என்று ஆசையாகத் திட்டம் போட ஆரம்பித்தார். விசார்ட் தம்பி ஸ்பெல் பட்டியலைப் புரட்டினான். "ஃப்ளை போடுறேன். பறந்து போய் மேலேருந்து கயிறு விடுறேன்." ஒரு நிமிஷம், முடிந்தது. உள்ளே பூட்டிய கதவு: நாக். காவலாளி: ஸ்லீப். தலைவனிடம் பேச்சு: சார்ம் பர்சன். அன்று நான்கு மணி நேரத்தில் ஃபைட்டர் பகடையை எடுத்தது மூன்று தடவை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனவர் அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

சண்டையில் அவர் குறையே வைக்கவில்லை. குறை வேறு இடத்தில். கதை கேட்கிற கேள்விகள் பலவிதம்: எப்படிக் கடப்பது, எப்படித் திறப்பது, எப்படிக் கண்டுபிடிப்பது, யாரை நம்ப வைப்பது. மந்திரக்காரரிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அவர் பகடை உருட்டாமலே பலிக்கிற பதில். வீரனிடம் ஒரே பதில்தான், அதற்கும் பகடை உருட்ட வேண்டும். விசார்ட் தம்பி மேல் தப்பில்லை, அவன் கையில் இருந்ததைப் பயன்படுத்தினான். அவன் கையை நாளின் நடுவில் காலியாக்காதது என் தப்பு. கீழே வருகிற பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

வீரன் படிப்படியா ஏறுவான், மந்திரவாதி தாவித் தாவி ஏறுவான்னு ஒரு பேச்சு இருக்கே, அது உண்மையா?

உண்மைதான். லெவல் ஏற ஏற வீரனுக்கு வெட்டு ஒன்று கூடும். மந்திரக்காரருக்கு ஸ்பெல்லின் பலமும் கூடும், எண்ணிக்கையும் கூடும், வகையும் கூடும். மூன்றும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்ளும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இது உச்சத்துக்குப் போனது. எல்லா வகுப்புக்கும் லெவல் ஏற ஒரே புள்ளிக் கணக்கு என்று மாற்றினார்கள், அதாவது மேலே சொன்ன 2,000-க்கும் 2,500-க்குமான பழைய கடிவாளமும் போயிற்று. கிளெரிக் தன் மேலேயே நாலு ஸ்பெல் போட்டுக்கொண்டு ஃபைட்டரைவிட நன்றாகச் சண்டை போட்ட காலம் அது.

ஒரு நாளைக்கு ஒரே சண்டை, அதையும் பெருசா வச்சா என்ன தப்பு? எங்க ஆட்டம் வாரத்துக்கு மூணு மணி நேரம்தான்.

அங்கேதான் தராசு முறிகிறது. ஐந்தாம் பதிப்பை எழுதியவர்கள் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்கள் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுவதற்கும் என்று கொடுத்த காசை மந்திரக்காரர் ஒரே கடையில் செலவழித்தால் அவர்தான் பணக்காரர். வீரனுடைய பலம் எப்போதும் ஒரே அளவு, சேர்த்து வைத்து ஒரே அடியாக இறக்க முடியாது.

செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு நான் ஸ்லாட்டை விளக்கவே தேவையில்லை. இந்திரன் கர்ணனிடம் கவச குண்டலத்தை வாங்கிக்கொண்டு சக்தி ஆயுதத்தைக் கொடுக்கிறான். ஒரே ஒரு தடவைதான் எறியலாம். கர்ணன் அதை அர்ஜுனனுக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறான். பதினாலாம் நாள் ராத்திரி கடோத்கஜன் வந்து சேனையைத் துவம்சம் செய்கிறான். கௌரவர்கள் எல்லாரும் கத்துகிறார்கள், வேறு வழியில்லாமல் கர்ணன் அதை எறிந்துவிடுகிறான். கடோத்கஜன் சாய்கிறான். பாண்டவர்கள் அழுகிறார்கள், கிருஷ்ணன் மட்டும் சந்தோஷப்படுகிறான். டி.எம். வேலையைக் கிருஷ்ணனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய எதிரிக்கு முன்னால் ஒரு கடோத்கஜனை அனுப்புங்கள். எறிவதா, வைத்திருப்பதா என்று மந்திரக்காரர் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்புதான் அவர் ஆட்டத்தின் ருசி. அது இல்லாமல் ஜெயித்தால் அவருக்கும் சலிக்கும்.

உங்களுக்கு மூன்று மணி நேரம்தான் என்றால் கதையின் ஒரு நாளை மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு இழுங்கள். ஆட்டம் முடிந்தால் பாத்திரங்களும் தூங்கியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மீதமுள்ள ஸ்லாட்டைப் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

இன்னா அண்ணா, ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் கதவைச் சாத்திக்கினு எட்டு மணி நேரம் தூங்கிடறாங்க. எப்படித் தடுக்கிறது?

முதலில் விதியைப் படியுங்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு நீண்ட ஓய்வுதான் பலன் தரும். காலையில் பத்து மணிக்குச் சண்டை போட்டுவிட்டு பதினோரு மணிக்குப் படுத்தால் தூக்கம் வரலாம், ஸ்லாட் வராது. இது தெரியாமலேயே பல மேசைகள் ஓடுகின்றன.

அப்புறம், உலகம் அவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தார்கள். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டார், அதே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று. அந்த உண்மை மனிதர்களை நான் ஆட்டத்துக்குள் இழுக்கவில்லை, கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். "விடியற்காலை கோட்டை உங்கள் கையில். பொழுது ஏறுவதற்குள் குதிரைப்படை வரும்." அன்று யாரும் தூங்கலாமா என்று கேட்கவில்லை.

இதுவும் போதவில்லை என்றால் டி.எம். கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: குறுகிய ஓய்வுக்கு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வுக்கு ஏழு நாள். பயணக் கதைகளுக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. குகைக்குள் நடக்கிற கதைக்குப் பொருந்தாது.

மந்திரம் படாத எதிரிகளையே அனுப்பிட்டா மந்திரவாதி அடங்கிடுவான் இல்ல?

அடங்குவார், அடுத்த வாரம் வரமாட்டார். ஒருவர் ஆசையாக எடுத்த பாத்திரத்தை வேலை செய்யாமல் செய்வது பேலன்ஸ் ஆகாது, தண்டனை. முன்னே ஃபைட்டருக்கு நடந்ததை இப்போது விசார்டுக்குச் செய்கிறீர்கள், அவ்வளவுதான். பெரிய தலைவன் ஒருவனுக்கு மட்டும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் வையுங்கள். ஸ்பெல்லிலிருந்து மூன்று தடவை தப்பிக்கலாம், அதற்குப் பிறகு மாட்டுவான். அதைத் தீர்க்கிற வேலையே மந்திரக்காரருக்கு ஒரு சின்னப் போராட்டமாகிவிடும்.

கான்சன்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்காமே? எங்க மேசையில யாரும் அதைப் பார்த்ததே இல்லை.

பார்க்காததால்தான் உங்கள் மேசையில் தராசு சாய்கிறது. ஃப்ளை, ஹேஸ்ட் (ஒருவரின் வேகத்தைக் கூட்டுவது), இன்விசிபிலிட்டி, ஹோல்ட் பர்சன் எல்லாமே மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்க வேண்டிய ஸ்பெல்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடி விழுந்தால் பகடை உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. தவறினால் ஸ்பெல் அறுந்துவிடும். அகழிக்கு மேல் பறந்துகொண்டிருப்பவர் மேல் அம்பு பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கீழே முதலை இருக்கிறது. அன்று நான் ஒரு காவலாளி கையில் ஒரு வில்லைக் கொடுத்திருந்தால் போதும், கதையே வேறு.

இதே மாதிரி விட்டுப்போகிற விதிகள் நிறைய. நாக் ஸ்பெல் கதவைத் திறக்கும், ஆனால் 300 அடி தூரம் கேட்கிற மாதிரி ஒரு தட்டுச் சத்தமும் எழும். பெரும்பாலான ஸ்பெல்களுக்கு வாய்விட்டு மந்திரம் சொல்ல வேண்டும், அதனால் தலைவன் முன்னால் நின்று ரகசியமாக சார்ம் பர்சன் போட முடியாது. போட்டாலும் நேரம் முடிந்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும். செத்தவரை எழுப்புகிற ரிவிவிஃபை என்றால் 300 பொன் மதிப்புள்ள வைரம் கரைந்து போகும். புது விதி எதையும் சேர்க்கும் முன், இருக்கிற விதியை ஒரு மாதம் ஒழுங்காக ஆடிப் பாருங்கள்.

சரி, மந்திரவாதியைக் கட்டுப்படுத்தியாச்சு. வீரனுக்கு என்ன கொடுக்கலாம்?

அடியைக் கூட்டாதீர்கள், மேலே பார்த்தோம், அது குறையே இல்லை. பதில்களைக் கொடுங்கள். பறக்கிற செருப்பு கிடைத்தால் அதை விசார்ட் போட்டுக்கொள்ளக் கூடாது, ஃபைட்டர் காலுக்குப் போகட்டும். பட்டாளத்தில் இருந்தவன் என்றால் ஊரூராக அவனுக்குத் தெரிந்தவர்கள் இருக்கட்டும். காவலாளி அவனைப் பார்த்ததும் "தலைவா, நீங்களா?" என்று கதவைத் திறந்தால் அதுவும் ஒரு நாக்தான், சத்தமில்லாத நாக்.

பழைய பதிப்புகளில் ஒரு அருமையான விஷயம் இருந்தது. ஃபைட்டர் ஒன்பதாம் லெவலுக்கு வந்தால் கோட்டை கட்டலாம், ஆட்கள் தேடி வருவார்கள். மந்திரவாதி வானத்தைப் பிளக்கிற வயதில் இவன் கையில் ஒரு படை. பின்னால் வந்தவர்கள் இதைக் கழற்றிவிட்டுப் பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

2024-இல் திருத்தி வந்த விதிகளில் கொஞ்சம் சரிசெய்திருக்கிறார்கள். ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனி வித்தை உண்டு: ஒன்று எதிரியைத் தள்ளும், ஒன்று கவிழ்க்கும். அதைவிட எனக்குப் பிடித்தது ஃபைட்டருக்கு இரண்டாம் லெவலில் வருகிற டாக்டிகல் மைண்ட். மூச்சைத் திரட்டி உடம்பைத் தேற்றிக்கொள்கிற சக்தி ஒன்று ஃபைட்டருக்கு உண்டு. அதையே, தவறிப்போன ஒரு திறமைச் சோதனையில் பத்துப் பக்கப் பகடை ஒன்று கூட்டிக்கொள்ளச் செலவழிக்கலாம். அப்படியும் தவறினால் செலவு கணக்கில் சேராது. சண்டைக்கு வெளியே ஃபைட்டருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

நாலாம் பதிப்புல எல்லாருக்கும் ஒரே மாதிரி பவர் கொடுத்தாங்களாமே, பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கணுமே?

2008-இல் வந்தது. வீரனுக்கும் மந்திரக்காரருக்கும் ஒரே அச்சு: எப்போதும் செய்யக்கூடியது, மோதலுக்கு ஒரு தடவை, நாளுக்கு ஒரு தடவை. தராசைப் பொறுத்தவரை நேராக நின்ற பதிப்பு அதுதான். ஃபைட்டர் எதிரியைக் குறிவைத்து நிறுத்தினால் அவன் தாண்டிப் போகத் தயங்குவான், நிஜமாகவே கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும்.

ஆனால் எல்லாச் சாப்பாட்டுக்கும் ஒரே குழம்பு ஊற்றிய மாதிரி இருக்கிறது என்று பலர் விலகினார்கள். வாள் பிடிக்கிறவனுக்கு வாள் பிடிக்கிற உணர்வும், மந்திரம் சொல்கிறவனுக்கு மந்திரத்தின் பயமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் அவர்கள். நானும் அந்தக் கட்சிதான், ஆனாலும் அந்தப் பதிப்பைத் திட்டுகிறவர்களோடு சேரமாட்டேன்.

வீரன் மந்திரமே இல்லாம முப்பது அடி தாவுறான், யானையைத் தூக்குறான்னா லாஜிக் இடிக்குதே?

இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் விசார்ட் ஆடுகிறவர். அவர் விரலை நீட்டினால் தீ வருகிறது, அதில் லாஜிக் இடிக்கவில்லை. பத்தாம் லெவல் வீரனை நாம் காட்பாடி ஜிம்மில் தினமும் பார்க்கிற அண்ணனோடு ஒப்பிடுகிறோம், மந்திரவாதியை மட்டும் கதைகளோடு ஒப்பிடுகிறோம். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த உலகத்தின் கதைகளில் பெரிய வீரன் என்றால் யார்?

நமக்கு அதில் பஞ்சமே இல்லை. பீமன் மந்திரம் படித்தவன் கிடையாது. மரத்தைப் பிடுங்குவான், யானையைச் சுழற்றி எறிவான். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவர் பலகை அதிர ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் முன்வரிசைக் குழந்தைகள் பின்னால் நகரும், யாரும் லாஜிக் கேட்பதில்லை. அதே பீமனால் வழியில் படுத்திருந்த கிழக் குரங்கின் வாலைத் தூக்க முடியவில்லை, அது அனுமார். எல்லையையும் கதையே வைத்துக்கொள்கிறது, பார்த்தீர்களா?

எங்கள் மேசை விதி இது: ஐந்தாம் லெவல் வரை மனிதன். பத்து வரை ஊரே பேசுகிற ஆள். அதற்கு மேல் கூத்துக்காரர் பாடுகிற ஆள். கதவை உடைப்பது முதல் கட்டம், வாசற்காலோடு பெயர்ப்பது இரண்டாவது, மதிலையே சாய்ப்பது மூன்றாவது. விசார்ட் எந்த லெவலில் எதைச் செய்கிறார் என்று பார்த்து அதற்கு ஈடாக வீரனுக்கு அனுமதி கொடுங்கள்.

மந்திரவாதியா ஆடுறது எங்க அத்தான். விதியெல்லாம் சரியாதான் ஆடுறாரு. ஆனா எல்லாத்துக்கும் அவரே முந்திக்கிறாரு. எப்படிச் சொல்றது?

இது ஸ்லாட் பிரச்சினை இல்லை, ஆள் பிரச்சினை. மேலே சொன்ன எதுவும் இதற்கு உதவாது. மேசையில் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள், அத்தான் வேறு. ஆட்டம் முடிந்து டீ குடிக்கப் போகும்போது, "நீங்க ஹேஸ்டை அவன் மேல போட்டா எப்படி இருக்கும்னு ஒரு வாரம் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அடுத்தவனைப் பெரிய ஆளாக்குகிற மந்திரவாதிக்கு மேசையில் கிடைக்கிற மரியாதை தனி. பலர் அதை ஒரு தடவை ருசித்தால் விடமாட்டார்கள். டி.எம். பக்கத்திலிருந்து ஒன்று செய்யலாம்: "என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காமல், வீரனைப் பார்த்து முதலில் கேளுங்கள்.

ரெண்டையும் கலந்து ஒரே ஆளா ஆடினா தகராறே இல்லையே?

எல்ட்ரிச் நைட் என்று ஃபைட்டரிலேயே ஒரு உட்பிரிவு உண்டு, கொஞ்சம் மந்திரமும் தெரிந்தவன். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீரனுக்கு மந்திரம் கொடுத்துத்தான் அவனைக் காப்பாற்ற முடியும் என்றால் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது, கேள்வியைத் தாண்டிக் குதித்ததாகத்தான் ஆகும்.

கடைசி லெவல் வரைக்கும் போனா இதெல்லாம் தாங்குமா?

தாங்காது. பதினேழாம் லெவலில் விசார்டுக்கு விஷ் கிடைக்கிறது, கேட்டது நடக்கும். ஃபைட்டருக்கு நாலாவது வெட்டு கிடைப்பது இருபதாம் லெவலில். கடோத்கஜனை அனுப்பினாலும், குதிரைப்படையை அனுப்பினாலும் அங்கே தராசை நேராக்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் என் கதைகளைப் பதினொன்று, பன்னிரண்டாம் லெவலில் முடித்துவிடுகிறேன்.

இப்போது ஓடுகிற கதை ஒன்பதாம் லெவலில் இருக்கிறது. பழைய விதியைத் தூசு தட்டி எடுத்து ஃபைட்டருக்கு ஒரு கோட்டை கொடுத்திருக்கிறேன். ராணிப்பேட்டை நண்பர் இப்போதெல்லாம் முதல் ஆளாக வந்துவிடுகிறார். போன வாரம் முழுக்க விசார்ட் தம்பியை உட்கார வைத்து, அகழிக்கு எத்தனை முதலை வேண்டும், மதில் மேல் எத்தனை வில்லாளி நிறுத்த வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.